லெம்பியின் அடைப்பான்

அந்தச் சனிக்கிழமை ஐலாவுக்குக் கிடைத்த வேலை வாளி பிடிப்பது.

படகின் படிக்கட்டுக்கு அடியில், குப்புறப் படுத்தால் மட்டுமே எட்டக்கூடிய ஒரு பொந்தில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. அவளுடைய அப்பா அர்மாஸ் கோஸ்கி எழுபது தாண்டிய உடம்பை அதற்குள் தோள்வரை நுழைத்துக் கிடந்தார். வெளியே தெரிந்தது இடுப்பும் காலும்தான். ஐலா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய பூட்ஸோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட்ட எடுத்துட்டியா?" என்றது பொந்து.

"எடுத்துட்டேன்பா."

"வெண்டல்னா ரெண்டு தடவ பாப்பான்."

தொட்டி காலியாக இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் சூடேற்றும் கம்பி அந்த நிமிடமே கருகிப்போகும். டுலுத் நகரத்தில் இரண்டு மருத்துவமனைகளுக்குக் கொதிகலன் வடிவமைத்தவளுக்கு அது தெரியாததல்ல. இருந்தாலும் எழுந்து போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தாள். பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

வெண்டல் அவளுடைய முன்னாள் கணவன். படகுத்துறையில் படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையேற்றும் எந்திரம் அவன் கையில். இருவரும் பிரிந்து பல வருடமாகிறது. ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் அவன் அவள் அப்பாவோடு சேர்ந்து 'லெம்பி' என்ற இந்தப் படகைக் குளிருக்குத் தயார் செய்வது மட்டும் நிற்கவில்லை. ஒருமுறை அவளே வாய்விட்டுக் கேட்டாள், இன்னும் எங்க அப்பாகிட்ட உனக்கு என்ன வேலை என்று. "உன்னத்தான் விட்டேன் ஐலா, உங்கப்பாவ விடலையே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. இந்த வருடம் அவன் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அதனால்தான் அவளுக்குத் தொலைபேசி வந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

அர்மாஸ் தொட்டியின் மேல்பக்க வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டார். பிறகு அடியில் இருந்த பித்தளை அடைப்பானைத் திருகிக் கழற்றினார். தண்ணீர் குழாயில் இறங்கி வாளியில் விழுந்தது. சுப்பீரியர் ஏரித் தண்ணீர், கோடை முழுக்க அவர் முகம் கழுவிய தண்ணீர். ஐலா வாளியை இரண்டு முறை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். கடைசிச் சொட்டும் விழுந்த பிறகு அவர் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து, முழங்காலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அடைப்பானைச் சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஐலா கையை நீட்டினாள்.

அந்தத் துறையில் கையை நீட்டுவது சின்ன விஷயமில்லை. மற்ற ஊர்களில் கழற்றிய அடைப்பானைப் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டித் தொங்க விடுவார்கள், வசந்தத்தில் மறக்காமல் இருக்க. இங்கே அப்படியில்லை. வசந்தத்தில் யார் அந்தத் தொட்டியில் தண்ணீர் ஏற்றப் போகிறாரோ, அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் குளிர்காலம் முழுக்க அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு அலைவார். பனி இடுப்பளவு கிடக்கும் ஜனவரியில், மதுக்கடையில் பீருக்குச் சில்லறை எடுக்கும்போது பித்தளையும் சேர்ந்து மேசையில் விழும். யாருடைய படகு, யாருக்கு யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கணவன் மனைவிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வருடம் ஒன்றில் ஒருவர் தன் படகின் அடைப்பானை மைத்துனனிடம் கொடுத்தார். அடுத்த கோடையில் விவாகரத்து ஆனபோது துறையில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

லெம்பியின் அடைப்பான் அவளுடைய கல்யாண வருடத்திலிருந்து வெண்டலின் கோட்டுப் பையில்தான். விவாகரத்துக்குப் பிறகும்.

அர்மாஸ் அவள் கையைப் பார்த்தார். பிறகு அடைப்பானைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"காப்பி குடிக்கலாமா?" என்றார்.

மிச்ச வேலையைக் கேட்டதற்கு, ரோஸ் தண்ணி ஏற்றுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், இன்னும் கடுங்குளிர் வரவில்லையே என்றார். ரோஸ் தண்ணி என்பது உறையாத திரவம். குளிரில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்க, குடிநீர்க் குழாய்களில் கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் தள்ளிவிட்டு அது நிற்கும். அதற்கு நான் வரவா என்று ஐலா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த வாரம் வெண்டலின் ஒரு கையாவது நன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். டுலுத் திரும்பும் வழி முழுக்க அவள் நினைவில் இருந்தது அந்தப் பை.

புதன்கிழமை மாலை அர்மாஸ் வீட்டுக்குப் பின்னாலிருந்த சானா என்னும் நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

லூத்தரன் கோயிலின் கீழ்த்தளத்தில் அடக்கத்துக்குப் பிறகான சாப்பாடு. பன்றித்தொடை வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு, ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டி, பெரிய பாத்திரத்தில் காப்பி. துறை ஆட்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவர்கள் முதலில் வெண்டலிடம் போனார்கள். அவனுடைய நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், முதுகில் தட்டினார்கள், அர்மாஸ் இல்லாத துறையை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று அவனிடம் சொன்னார்கள். அதன் பிறகுதான் ஞாபகம் வந்ததுபோல ஐலாவிடம் வந்து, டுலுத்திலிருந்து சாலை எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள். ஒரு கிழவர் அவளை வெண்டலின் தங்கை என்றே நினைத்துப் பேசிவிட்டுப் போனார்.

அவள் திருத்தவில்லை. அவளுடைய கண் வெண்டலின் கோட்டில் இருந்தது. கை குலுக்கி முடித்ததும் அவன் அந்தக் கையை வலப்பக்கப் பைக்குள் விடுவான். உள்ளே எதையோ விரலால் உருட்டுவான். அடுத்தவர் வந்ததும் எடுப்பான். மறுபடி உருட்டுவான்.

அப்பாவின் கோட்டுப் பைகளை ஐலா ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தாள். வேலைச் சட்டைகள், சமையலறை இழுப்பறை, படுக்கையறை அலமாரி, எதிலும் அடைப்பான் இல்லை. சவப்பெட்டிக்குத் துணி எடுக்கத்தான் அலமாரியைத் திறக்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தேடியது பித்தளையை.

படகு அவளுக்குத்தான் வரும். அதில் சிக்கல் எதுவும் இல்லை, ஒரே மகள். ஆனால் காகிதத்தில் வரும் படகு வேறு, கையில் வரும் அடைப்பான் வேறு. அப்பா கடைசியாக யாரை நினைத்தார் என்பது அந்தச் சின்னப் பித்தளைத் துண்டில் இருந்தது. அது இப்போது வெண்டலின் விரலிடுக்கில் உருண்டுகொண்டிருந்தது.

பொறாமை அந்த வீட்டுக்குப் புதிதல்ல. படகுக்கு அம்மாவின் பெயரை வைத்தபோது எல்லோரும் அம்மாவை வாழ்த்தினார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பேரு எனக்கு, ஆளு அதுக்கு" என்றாள். ஐலா கல்லூரியில் இருந்தபோது அம்மா இறந்தாள். கடைசிவரை அந்தப் படகில் ஒரு இரவுகூடத் தங்கவில்லை.

மறுநாள் காலையில் வானொலி அன்றிரவு கடுங்குளிர் என்றது. லெம்பியின் குழாய்களில் இன்னும் தண்ணீர் நின்றது. வெண்டல் வருவதற்கு முன் அதைத் தானே முடித்துவிட வேண்டும் என்று ஐலாவுக்குத் தோன்றியது. துறைக்குப் போனாள். அலுவலகத்தில் இருந்த கொரின் என்ற பெண் ரோஸ் தண்ணிக் கேன்களை எடுத்துக் கொடுத்தபடியே, வெண்டலை அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று ஐலா வெட்டிச் சொன்னாள்.

லெம்பி கரையில் இரும்புத் தாங்கிகள் மேல் நின்றிருந்தது. காலையில் பெய்த மெல்லிய பனி தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. ஐலா ஏணியில் ஏறி, பொந்துக்குள் படுத்து, டார்ச்சை அடித்தாள்.

தொட்டிக்குப் போகும் குழாய், வரும் குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குக் குழாய். ரோஸ் தண்ணி ஏற்றும்போது தொட்டிப் பக்கத்து வால்வு இரண்டையும் மூடிவிட்டுக் குறுக்குக் குழாயைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் திரவமெல்லாம் தொட்டிக்குள் போய் வீணாகும். குறுக்குக் குழாய் திறந்திருந்தது. வரும் குழாயின் பிடி குறுக்காக நின்றது, மூடியிருக்கிறது. போகும் குழாயின் பிடி மட்டும் குழாயோடு நேராக நின்றது, திறந்திருக்கிறது.

அப்பா மறந்திருக்கிறார் என்று நினைத்தாள். எதையும் மறக்காதவர். கடைசி நாட்களில் ஏதோ தடுமாறியிருக்கிறது, பக்கத்தில் இருந்த வெண்டலுக்கு அதுகூடத் தெரியவில்லை. வருத்தத்துக்கு நடுவிலும் அந்தக் கடைசி நினைப்பில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. பிடியைக் குறுக்காகத் திருப்பிவிட்டு வெளியே வந்தாள்.

பம்பின் உறிஞ்சு குழாயைக் கேனுக்குள் விட்டு ஓட்டினாள். சமையலறைக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். குழாய் இருமியது. கொஞ்சம் தண்ணீர் துப்பியது. மறுபடி இருமியது. ரோஸ் வரவில்லை. முதல் கேன் காலியானது. இரண்டாவதைப் போட்டாள். பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. குழாய் சும்மா பெருமூச்சு விட்டது. மூன்றாவதில் பாதி போன பிறகுதான் கீழேயிருந்து கொரினின் குரல் வந்தது.

"ஐலா! உன் படகு ரோஸ் கலர்ல ஒண்ணுக்குப் போகுதும்மா."

ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். தொட்டியின் திறந்த அடித்துளை வழியாக எல்லாம் படகின் வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. அங்கே ஈரம் பட்டதும் தானாக ஓடும் பம்பு ஓடி, பக்கவாட்டுத் துளை வழியாக வெளியே பீய்ச்சிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பனியில் அகலமாக ஒரு ரோஸ் குட்டை. துறையில் இருந்த அத்தனை பேரும் ஏணிகளிலிருந்தும் படகுகளிலிருந்தும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. துக்க வீடு என்று அடக்கிக்கொண்டார்கள். சிரித்திருந்தால் தேவலை.

அவள் பம்பை நிறுத்திவிட்டுப் பொந்துக்குள் மறுபடி தலையை விட்டபோது ஏணி கிறீச்சிட்டது. ஒரு கையில் கட்டோடு ஏணி ஏறும் சத்தம் யாருடையது என்று திரும்பாமலே தெரிந்தது.

"அந்தப் பிடியத் திருப்புனியா?" என்றான் வெண்டல்.

"மூடினேன்."

"தொறந்துட்ட. அது மட்டும் தலைகீழ். நேரா இருந்தா மூடியிருக்குன்னு அர்த்தம்."

எந்த ஊர் வால்வு அப்படி இருக்கும் என்று அவள் பொந்துக்குள்ளிருந்தபடியே கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஒரு வருடம் பிடி துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. அவன் புதுசு மாட்டும்போது கால் சுற்றுத் தள்ளி மாட்டிவிட்டான். சரிசெய்கிறேன் என்றதற்கு அர்மாஸ் விடவில்லை. இருக்கட்டும், எவனாவது லெம்பியத் திருடினா அவனுக்கு வெந்நீர் கெடைக்காது என்று சொல்லி அன்று முழுக்கச் சிரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த வால்வுக்கு வரும்போது இருவரும் சிரிப்பார்கள்.

ஐலா வெளியே வரவில்லை. அப்படியானால் அப்பா மறக்கவில்லை. சனிக்கிழமை அவர் இந்தப் பிடிகளைத் தொடவில்லை. சனிக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் தனியாக வந்து, படுத்து, சரியாக மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கை கடைசியாகச் செய்து வைத்ததை அவள் கலைத்துவிட்டாள். இந்த இரண்டு பேரும் வருடா வருடம் சிரித்த ஒரு சிரிப்பு அவளுக்குத் தெரியாததால்.

வெளியே வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் ரோஸ்.

"அடைப்பானக் குடு" என்றாள்.

"எந்த அடைப்பான்?"

"நடிக்காத. நேத்து சாப்பாட்டுல பூரா நேரமும் பைக்குள்ள உருட்டிக்கிட்டு இருந்தியே."

வெண்டல் பைக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டினான். வலி மாத்திரை டப்பா.

"உன்கிட்ட இருக்கும்னுல்ல நான் நெனச்சேன்" என்றான். "நீயும்தான் கைய வெளிய எடுக்கல. வந்தவங்களுக்குக் கை குடுத்ததும் உள்ள விட்டுக்கிட்ட. சரி, அவகிட்ட வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு."

"ஞாயித்துக்கிழம நானே வாய்விட்டுக் கேட்டேன் ஐலா. எங்கே என் அடைப்பான்னு. இந்த வருஷம் உனக்கில்லடான்னுட்டார் கெழவர்." டப்பாவைப் பைக்குள் போட்டான். "கை ஒடஞ்சவன்கிட்ட எதுக்குன்னு நெனச்சாரோ என்னவோ. நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடல."

ஐலாவுக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது என்று சொன்னால் பொய். உள்ளே ஏதோ இதமாக இறங்கியது, சானாவிலிருந்து வந்து குளிர்ந்த பீர் குடித்ததுபோல. அவனுக்கும் வலிக்கிறது. அவனும் அவளுடைய பையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"வேற என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

வேறொன்றும் முக்கியமாக இல்லை என்றான். வியாழக்கிழமை டுலுத் போகிறேன் என்று சொன்னார். அதற்காக வண்டியைக் கழுவினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"'அவ வீட்டு வாசல்ல இந்த வண்டிய நிறுத்த எடம் இருக்குமாடா'ன்னாரு. எனக்கென்ன தெரியும், நான் அந்த வீட்டுக்குப் போனதே இல்லையேன்னேன். 'நானும்தான்'னாரு."

ஐலா எழுந்தாள்.

அப்பாவின் வண்டி வீட்டு முற்றத்தில் நின்றது. மூன்று நாளாக அதைக் கடந்து போய்வந்திருக்கிறாள். எப்போதும் வண்டியின் மூக்கைக் கொட்டகைப் பக்கம் வைத்து நிறுத்துகிறவர், இந்த முறை பின்பக்கமாக ஏற்றிச் சாலையைப் பார்த்து நிறுத்தியிருந்தார், விடிகாலையில் கிளம்புகிறவர்போல. இதை அவள் பார்த்திருந்தும் பார்க்கவில்லை. சாவி வண்டியிலேயே இருந்தது. பக்கத்து இருக்கையில் ஐஸ்பெட்டி. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய புகையூட்டிய வெள்ளைமீன், அவளுக்குப் பிடித்த வால்பகுதி. சாம்பல் தட்டில், ஒரு துணித்துண்டில் பொதிந்து, அடைப்பான்.

பின்னால் வந்து நின்ற வெண்டல் கையை நீட்டவில்லை.

ஐலா நகத்தை அடைப்பானின் திருகு மரைமேல் ஓட்டிப் பார்த்தாள். முனையில் இரண்டு சுற்று மழுங்கிப் போயிருந்தது. அன்று அதைத்தான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்திருக்கிறார். வசந்தத்தில் இதைப் போட்டால் ஒழுகும்.

"அதான் விஷயமா" என்றான் வெண்டல். "செவ்வாக்கிழம இங்க கடையில போய்ச் சண்ட போட்டுட்டு வந்தாரு, இரும்புல இருக்கு பித்தளைல இல்லைங்கிறான்னு. டுலுத்துல ஒரு கட இருக்காமே, பழைய குழாய்ச் சாமான் எல்லாம் வச்சிருப்பாங்களாம்."

அந்தக் கடை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கிறது. மழுங்கிய அடைப்பானை மகள் கையில் கொடுக்க மனமில்லாமல், புதுசு வாங்கிக்கொண்டு வீடு தேடி வரப் பார்த்தாரா, அல்லது கடைக்குப் போகிற வழியில் மீனைக் கொடுத்துவிட்டுப் போக நினைத்தாரா? வெண்டலுக்கு இல்லை என்று சொன்னார். ஐலாவுக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்க ஆளில்லை. இவ்வளவையும்கூட வெண்டல் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பது அவளை அறுத்தது.

அன்று மதியம் இருவரும் லெம்பியில் மிச்ச வேலையை முடித்தார்கள். ஐலா அந்தப் பிடியை நேராகத் திருப்பினாள், அப்பா வைத்திருந்தபடியே. அவள் பம்பைப் பார்த்துக்கொள்ள, வெண்டல் ஒற்றைக் கையால் ஒவ்வொரு குழாயாகத் திறந்தான். சமையலறை, கழிப்பறை, எல்லோரும் மறந்துவிடும் பின்தட்டுக் குளியல் குழாய். ஒவ்வொன்றும் இருமி, துப்பி, பிறகு அமைதியாக ரோஸ் நிறத்தில் ஓடியது. கடைசியில் அந்தப் பிடியைக் கழற்றிச் சரியாக மாட்டிவிடட்டுமா என்று அவன் கேட்டான்.

"இருக்கட்டும்" என்றாள் ஐலா.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் இனி அவளுக்கும் பங்கு உண்டு.

தன் காரைத் துறையிலேயே விட்டுவிட்டு அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு டுலுத் கிளம்பினாள். இருக்கை அவருடைய உயரத்துக்கு இருந்தது. அவள் அதை நகர்த்தவில்லை, காலை எட்டி எட்டி ஓட்டினாள். வீட்டு வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவே மெல்லப் பின்னால் எடுத்து நிறுத்தினாள். முன்னும் பின்னும் ஒரு முழம் மிச்சம் இருந்தது.

எடம் இருந்தது என்று வெண்டலிடம் சொல்லலாமா என்று தொலைபேசியை எடுத்தாள். வைத்துவிட்டாள். அந்தக் கேள்வியை அவனிடம்தான் அப்பா கேட்டார். பதிலாவது அவளோடு இருக்கட்டும்.

அடைப்பானைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தாள். குழாய்ச் சாமான் கடை பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமைதான் திறக்கும் என்று கதவில் ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே பலகைத் தட்டுகளில் பித்தளை மங்கலாகத் தெரிந்தது. அவள் பைக்குள் கையை விட்டபடி நின்றாள். அப்பா நினைத்தபடி வியாழக்கிழமையே வந்திருந்தால் கடை திறந்திருக்கும்.